அரை மாத்திரையும் இரண்டு பொட்டலமும்

நான் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுப்பவள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாலு வருடமாக மருந்தாளுநர் வேலை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மதியம் வரை எனக்குக் கைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது. சீட்டை வாங்கி, அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, காகிதக் கவரில் போட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவர் மேல் படம் வரைந்து கொடுப்பேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. நிலாவைப் பிறையாகத்தான் போடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழு வட்டமாகப் போட்டேன். ஒரு பெரியவர் அதைப் பௌர்ணமி என்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று மாதம் கிரிவலம் சுற்றியிருக்கிறார். நான்காவது மாதம் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

ஜன்னலில் தினமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "இது பழகிப்போயிடுமாம்மா?" என் பதிலும் ஒன்றுதான். தலையைத் தூக்காமல், "பழகாது, போங்க. அடுத்து யாரு?" என்பேன்.

அப்படிப்பட்ட நான், என் பத்து வயது மகளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரு வேளைக்கு அரை மாத்திரை. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று என்னாலும் என் வீட்டுக்காரராலும் முடிவு செய்ய முடியவில்லை.

முதலில் அவளுக்கு வயிற்றுவலி என்றுதான் நினைத்தோம். ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் இவள் வாசலில் வாந்தி எடுப்பாள். பூச்சி மருந்து கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்பாள். அஞ்சரை என்பேன். "அஞ்சரைன்னா அஞ்சு முப்பதா, அஞ்சு முப்பத்தஞ்சா?" என்பாள். முப்பது என்றால், பஸ் லேட் ஆனால் என்ன செய்வேன் என்பாள். காலாண்டுப் பரீட்சைக்கு இரண்டு பேனா கொடுத்து அனுப்பினேன். ஒன்று தீர்ந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். எந்தப் பேனாவில் எழுதினால் சரியாக வரும் என்று தெரியாமல் கணக்குப் பரீட்சை முழுக்க இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடைத்தாளில் பெயர்கூட இல்லை. டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைக்குத் திமிர் ஜாஸ்தி என்றார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டாவது தெரு. பௌர்ணமி அன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மலையைச் சுற்ற வந்தவர்களோடு சேர்ந்து, எந்தப் புண்ணியமும் வேண்டாமல் வீட்டுக்குப் போக மட்டும் நானும் நடப்பேன். அப்படி ஒரு பௌர்ணமியில் போன் சார்ஜ் தீர்ந்துபோய், அஞ்சரைக்கு வரவேண்டியவள் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் மகள் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போய்ப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்க அம்மாவ பாத்தீங்களா" என்று கேட்டிருக்கிறாள். தொலைந்துபோன குழந்தை என்று நினைத்து ஒரு நல்ல குடும்பம் அவளைப் போலீஸ் உதவி மையத்தில் ஒப்படைத்துவிட்டது. இருபது நிமிடம் தேடிக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் அவளை அறைந்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

அதற்கு அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம். எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வேலூர் போனோம். அங்கே காத்திருக்கும் இடத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். அவரும் அதே காரணத்துக்காக வேலூர் வந்தவர். அவர் மகனுக்குப் பல்வலி என்றார். நாங்களும் பல்வலி என்றோம். எதிரே சுவரில் மனநலம் பற்றிய பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் பல்லைப் பற்றியே பேசினோம்.

நாலு மாதம் ஆலோசனைப் பேச்சும் மூச்சுப் பயிற்சியும் நடந்தன. மூச்சை நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விடவேண்டும். மகள் அதை ஒரு நாளும் தவறாமல் செய்தாள். கொஞ்ச நாளில், தான் எண்ணியது நாலுதானா, இல்லை வேகமாக எண்ணி மூன்றரை ஆகிவிட்டதா என்று பயப்பட ஆரம்பித்தாள். பயிற்சி கொஞ்சம் உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கியதும் வாந்தி மறுபடி வந்தது. வாரத்தில் மூன்று நாள் லீவு என்றிருந்தது ஐந்து நாளாகியது. அப்போதுதான் டாக்டர் மாத்திரை பற்றிப் பேசினார்.

நான் கேட்டேன். "இது பழகிப்போயிடுமா டாக்டர்?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அவர் தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, பத்து நிமிடம் பதில் சொன்னார். போதை மாதிரி பழகாது. ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகலாம். முதலில் வயிறு கொஞ்சம் படுத்தும், தூக்கம் மாறும். முதல் சில வாரம் பிள்ளையின் மனநிலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும். பயிற்சியை விடக்கூடாது. "கட்டாயம் இல்லம்மா. ஆனா இன்னும் எத்தனை நாள் அவ இப்படியே சமாளிக்கணும்னு யோசிங்க. முடிவு நீங்க ரெண்டு பேரும்தான் பண்ணணும்" என்றார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சர்வேயர். யாருடைய வரப்பு எதுவரைக்கும் என்று தாலுகா முழுக்க அளந்து சொல்பவர், பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். போளூர் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"பத்து வயசுப் பொண்ணுக்கு மனசுக்கு மாத்திரையா? நாளைக்கு இவள யாராவது ஒரு மாதிரி சொன்னா?"

"இப்ப மட்டும் சொல்லலையா?"

"இப்ப வயித்துவலின்னு சொல்றோம் இல்ல?"

அவருக்கு ஊர்மேல் பயம். எனக்கு மாத்திரைமேல் பயம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை என் வாழ்நாளில் மூட்டை மூட்டையாகக் குப்பையில் போட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் மூன்று முறை படித்தேன். அதில் உள்ளதெல்லாம் டாக்டர் சொன்னதுதான். ஆனால் பொடி எழுத்தில் படிக்கும்போது எல்லாமே என் மகளுக்காகத் தனியாக அச்சடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வெளியே மட்டும், "நீங்கதான் ஒத்துக்கமாட்டேங்கறீங்க" என்று தினமும் சண்டை பிடித்தேன். நல்ல வசதியான ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலையும் இரண்டு மாடும் வைத்திருக்கிறார். பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று ஏற்கெனவே ஒரு தாயத்து கட்டியிருந்தார். தாயத்துக் கயிறு அறுந்துவிடுமோ என்று மகளுக்கு அது ஒரு தனிக் கவலையானது. "எங்கூட ஒரு வாரம் அனுப்பு. மாடு கன்னுகூட இருந்தா எல்லாம் தானா தெளிஞ்சிடும்" என்று சொல்லி அழைத்துப் போனார். ஐந்தாவது நாளே கொண்டுவந்து விட்டார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, பஸ்ஸுக்கு நேரம் ஆச்சு" என்று கிளம்பினார். சாதாரணமாக வாசலில் நின்றே முக்கால் மணி நேரம் பேசுகிறவர் அவர்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் அடிச்சிக்கினு கெடக்கறீங்க? பூக் கட்டிப் பாத்துடலாம். சாமி சொல்லட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், வீடு, நிலம் எதற்கும் மனசு குழம்பினால் இதைச் செய்வார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். நான் ஒரு நிமிடம் யோசிப்பது போல நடித்துவிட்டு ஒத்துக்கொண்டேன். மருந்தியல் படித்தவள், அரசு ஊழியர், மனசுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனி எது நடந்தாலும் அது எங்கள் முடிவு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனோம். நாத்தனார் பொட்டலங்களை வீட்டிலேயே செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றி எடுத்துவந்திருந்தார். வெள்ளை என்றால் மாத்திரை, சிவப்பு என்றால் இல்லை என்று அம்மன் முன்னால் மூவரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டோம். பூசாரி பொட்டலங்களைக் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு, "கொழந்தை எங்க?" என்றார்.

குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணி. ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். தெருவில் எட்டிப் பார்த்தேன், ஒரு பொடிசுகூட இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரே குழந்தை எங்கள் மகள்தான். ஒன்பது நாளாகப் போகவில்லை. எங்களோடு வந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா இருக்குதே. அது எடுத்தா ஆச்சு. எதுக்குன்னு அதுக்குத் தெரியவா போவுது?" என்றார் பூசாரி.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் எந்தத் தப்பும் தோன்றவில்லை. இதை நான் இப்போது எத்தனை முறை யோசித்தாலும், எங்கள் மூவருக்கும் அந்த நேரத்தில் மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"கண்ணு, அதுல ஒண்ணு எடு" என்றார் நாத்தனார்.

"எதுக்கு அத்தை?"

"சும்மாதான்."

மகள் கிட்டே போனாள். இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள். "எது எடுக்கணும்?"

"எது வேணா எடு."

"தப்பா எடுத்துட்டா?"

"எதை எடுத்தாலும் தப்பு இல்ல கண்ணு."

"அப்புறம் எதுக்கு ரெண்டு இருக்கு?"

பூசாரி என்னைப் பார்த்தார். நான் விபூதித் தட்டைப் பார்த்தேன்.

எந்தக் கையால் எடுக்கவேண்டும் என்று கேட்டாள். வலது கை என்றோம். எடுத்த பிறகு மாற்றலாமா என்று கேட்டாள். கூடாது என்றார் பூசாரி; அவருக்கு முறை முக்கியம். தொட்டுவிட்டு விட்டால் எடுத்த கணக்கா என்று கேட்டாள். "எதை எடுத்தாலும் தப்பு இல்லன்னு அத்தை சொல்றேன் இல்ல?" என்றார் நாத்தனார் மறுபடியும். இப்படியே இன்னும் ரெண்டு மூன்று தடவை சொன்னார். "அம்மனே உன் கையில வந்து எடுத்துக் குடுப்பா" என்று பூசாரி தைரியம் சொன்னார். இப்போது அம்மனும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது மகளுக்குத் தெரிந்துவிட்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கற்பூரம் அணைந்து, பூசாரி இன்னொன்று ஏற்றினார், அதுவும் அணைந்தது. வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். கும்பிட வந்த ஒரு அம்மா, நாங்கள் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறோம் என்று நினைத்து எங்களைச் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மகளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. நாலு எண்ணுகிறாள் என்று புரிந்தது. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. கை இடது பொட்டலத்துக்கு மேல் போகும், நிற்கும், வலது பொட்டலத்துக்கு மேல் வரும், நிற்கும். ஐம்பது நிமிடம்.

பிறகு திரும்பி என்னிடம் வந்தாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்று என் கழுத்தை இழுத்துக் குனியவைத்தாள்.

"அம்மா, எதை எடுத்தா நீ சாவமாட்ட? அதை மட்டும் சொல்லு, எடுத்துடறேன்."

இதைத்தான் இவள் ஒவ்வொரு காலையும் வேன் ஹாரன் அடிக்கும்போது யோசித்திருக்கிறாள். அஞ்சு முப்பதா அஞ்சு முப்பத்தஞ்சா என்று கேட்டதும் இதைத்தான். நானும் பூச்சி மருந்து கொடுத்தேன், அறைந்தேன், பொடி எழுத்தைப் படித்தேன், கடைசியில் எங்களால் தூக்க முடியாததைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

போய் இரண்டு பொட்டலத்தையும் அள்ளி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாமா பண்ற? சாமி காரியம்!" என்றார் பூசாரி.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முதுகைப் பார்த்தார். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். ஊர் பார்த்தது.

வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டு, மாத்திரையை எடுத்துக் கத்தியால் பாதியாக வெட்டினேன். பதினாலு வருட அனுபவம், முதல் மாத்திரை தூளாகப் போயிற்று. இரண்டாவது சரியாக வந்தது. அதை ஒரு கிண்ணத்தில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது என்ன?"

"பயத்துக்கு மாத்திரை."

"சாப்பிட்டா பயம் போயிடுமா?"

"தெரியாது. கம்மி ஆகலாம். மூணு நாலு வாரம் ஆகும்."

"கம்மி ஆகலன்னா?"

"டாக்டர்கிட்ட கேப்போம்."

"இதுக்குத்தான் பூ எடுக்கச் சொன்னீங்களா?"

"ஆமா. அது எங்க தப்பு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப இது குடுக்கலாம்னு யாரு முடிவு பண்ணது?"

"நானும் அம்மாவும்."

"நான் இல்லையே?"

"நீ இல்ல."

"தப்பா போச்சுன்னா?"

"எங்க தப்பு. உன்னுது இல்ல" என்றேன்.

மகள் மாத்திரையை வாயில் போட்டு, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டாள். எது சாப்பிடுவதென்றாலும் பத்து கேள்வி கேட்கிறவள்.

மாத்திரை என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் வயிறு படுத்தியது, ராத்திரித் தூக்கம் குறைந்தது. நாங்கள் இருவரும் முறைவைத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், "ஏன் என்னையே பாக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். ஐந்தாவது வாரம் ஒரு காலை நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டாள். அஞ்சரை என்றேன். சரி என்று வேனில் ஏறினாள். முப்பதா முப்பத்தஞ்சா என்று கேட்பாள் என்று நான் வாசலிலேயே நின்றேன், வேன் போய்விட்டது. இன்றைக்கும் பௌர்ணமி என்றால் கஷ்டம்தான். மூச்சை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். முழு ஆண்டுப் பரீட்சை எழுதினாள், கணக்கில் பார்டரில் பாஸ். அந்த விடைத்தாளைப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

பொட்டலம் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. கோயிலுக்குப் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை, வேலையில் பேனா தேடிக் கைப்பைக்குள் கைவிட்டபோது அவை தட்டுப்பட்டன. சும்மா இருந்திருக்கலாம், பிரித்தேன். ஒன்றில் வாடிப்போன வெள்ளை நந்தியாவட்டை. இன்னொன்றிலும் வெள்ளை நந்தியாவட்டை.

மதியம் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, ரெண்டுலயும் வெள்ளையா இருக்குது."

போனில் பின்னால் மாடு கத்தியது.

"பிரிச்சிட்டியா?"

"சாமி காரியத்துல இப்படிப் பண்ணலாமா அண்ணி?"

"செவப்பு வந்துட்டா அவனும் குடுக்கமாட்டான், நீயும் குடுக்கமாட்ட. அஞ்சு நாளு என் வூட்ல இருந்தா இல்ல? வெடியக் காலையில எழுந்து மாட்டுக் கொட்டாயி பின்னால போய் உக்காந்துக்கினு ஒடம்பெல்லாம் நடுங்கறா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு வாய்ல துணிய வச்சிக்கினு. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்."

"அதை அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா கேப்பீங்களா? படிச்சவங்க" என்றார். பிறகு, "எதை எடுத்தாலும் தப்பு இல்லன்னு அத்தினி வாட்டி சொன்னேன். அவதான் நம்பல" என்றார். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது.

மகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், இரண்டும் வெள்ளை என்றால் அப்புறம் எதுக்கு ரெண்டு என்று கேட்பாள். எங்களுக்காக என்று சொல்ல வேண்டியிருக்கும்.